டெங்குவுக்கு மலேரியாக் கணக்குச் சரிவராது

கேள்வி: விசுவமடுவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்குக் கொழும்பில் மேசன் வேலை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர் காய்ச்சலோடுதான் பஸ்ஸால் இறங்கினார். மூன்று நாள் பனடோல் போட்டார், மாறிவிட்டது. பொங்கல் முடிந்து நாலாம் நாள் பதினொரு வயது மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. அதற்கு முதல் நாள் அயல்வீட்டுப் பையனுக்கும் காய்ச்சல். மகளுக்கு நாலாம் நாள் காலை காய்ச்சல் விட்டது, பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று இருந்தோம். பின்னேரம் வயிற்றுநோ, சத்தி, கை கால் எல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டெங்கு என்று மறித்தார்கள். மருந்து என்று ஒன்றும் தரவில்லை. குடிப்பதையும் சலத்தையும் அளந்து எழுதினார்கள், விரலில் குத்திக்குத்தி இரத்தம் எடுத்தார்கள். பிளேற்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) 22,000 என்றார்கள். இரத்தம் ஏற்றச் சொல்லிக் கேட்டும் ஏற்றவில்லை. மாமி பப்பாசி இலைச்சாறு கொண்டுபோனதற்கு ஏச்சு வேறு. பிள்ளை சுகமாகி வந்துவிட்டாள், அது போதும். ஆனால் இப்போது அயலில், ‘உங்கட மனுசன்தான் கொழும்பில இருந்து கொண்டுவந்தது’ என்று கதைக்கிறார்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எங்கள் வளவில் குடம்பி (நுளம்புப் புழு) இருக்கிறது என்று எச்சரிக்கை எழுதித் தந்தார். பக்கத்து வளவு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் கனடாவில். அங்கே ஒருவரும் போகவில்லை. குளத்தையும் வாய்க்காலையும் விட்டுவிட்டு எங்கள் வாளியைப் பார்ப்பது என்ன நியாயம்? முந்தி மலேரியாவுக்கு வீடு வீடாக மருந்தடித்தார்களே, இப்போது ஏன் இல்லை? மகளுக்கு இனி டெங்கு வராதுதானே?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை அதிகம் நோகச்செய்தது அயலவரின் கதைதான் என்று கடிதத்தில் தெரிகிறது. அதனால் அதையே முதலில் எடுக்கிறேன். இதற்கு நாள்கணக்கே பதில் சொல்லும்.

டெங்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரே தொற்றாது. காய்ச்சல்காரரை நுளம்பு கடிக்க வேண்டும். கடித்த நுளம்பின் வயிற்றுக்குள் போன வைரசு அங்கே பெருகி, அதன் உமிழ்நீருக்கு வந்துசேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் வரை ஆகும். அதுவரை அந்த நுளம்பு யாரைக் கடித்தாலும் ஒன்றுமில்லை. அதன்பிறகு கடித்தால், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் நாலு முதல் பத்து நாள். இரண்டையும் கூட்டுங்கள். எவ்வளவு அவசரமாக நடந்தாலும் பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் முடிகிற காரியம் இல்லை. வழக்கமாக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். உங்கள் கணவர் வந்து இறங்கியதற்கும் மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியதற்கும் இடையில் ஆறே நாள். அயல்வீட்டுப் பையனுக்கு ஐந்து நாள். ஆகவே இந்த இரண்டு பிள்ளைகளையும் கடித்த நுளம்பு, உங்கள் கணவர் பஸ் ஏற முன்னரே உங்கள் ஊரில் வைரசோடு பறந்து திரிந்தது. அதற்கு யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. டெங்கு தொற்றுகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் காய்ச்சலே வருவதில்லை, வந்தாலும் தடிமன் காய்ச்சல் மாதிரி வந்துபோய்விடும். அவர்களையும் நுளம்பு கடிக்கத்தான் செய்கிறது.

கொழும்பிலிருந்து வருகிறவர்களால் வன்னிக்கு டெங்கு வருவதே இல்லை என்று சொல்லவரவில்லை. மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் மாரி நீர் தேங்கி நிற்கும். அதே நேரம் நத்தார், பொங்கல் என்று தெற்கிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சனம் வந்துபோகும். இரண்டும் ஒன்றாக வருவதால்தான் வடக்கில் டெங்கு இந்த மாதங்களில் ஏறுகிறது. 2023 மார்கழிக் கடைசியில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி விடுதிகள் டெங்கு நோயாளிகளால் நிறைந்தது நினைவிருக்கும். உங்கள் கணவருக்கு வந்ததும் டெங்குவாக இருந்திருக்கலாம், இரத்தம் பார்க்காதபடியால் சொல்ல முடியாது. ஆனால் வைரசு பஸ்ஸில் வந்தாலும் அதைப் பெருக்க இங்கே நுளம்பு இல்லையென்றால் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் வராது. அந்தப் பேச்சு வளவுகளைப் பற்றியது, அதற்குப் பிறகு வருகிறேன். கணவர் அடுத்தமுறை காய்ச்சலோடு வந்தால் ஒன்று செய்யுங்கள்: பகலிலும் அவரை வலைக்குள் படுக்கவிடுங்கள். காய்ச்சல் உள்ள நாட்களில்தான் இரத்தத்தில் வைரசு அதிகமாக இருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் மலேரியாக் காலத்தில் தந்த வலை ஒன்று கிடக்கக்கூடும், அதையே எடுங்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். ‘மருந்து என்று ஒன்றும் தரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறையாகச் சொன்ன அந்த அளவும் எழுத்தும்தான் மருத்துவம். டெங்கு வைரசைக் கொல்லும் மருந்து இன்றுவரை எந்த நாட்டு ஆஸ்பத்திரியிலும் பாவனையில் இல்லை. டெங்குவால் சாகிறவர்களில் பலரும் காய்ச்சல் எரித்துச் சாகிறதில்லை. இரத்தக்குழாய்களில் இருந்து நீர் கசிந்து சாகிறார்கள். புது மண்பானையின் வெளிப்பக்கம் நனைவதுபோல, ஓட்டை ஒன்றும் இல்லாமலே குழாயின் சுவரால் இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய்விடும். இந்தக் கசிவு தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போது. நீடிப்பது 24 முதல் 48 மணித்தியாலம் வரை. உங்கள் மகளுக்குக் காலையில் காய்ச்சல் விட்டு, பின்னேரம் கை கால் குளிர்ந்தது அதனால்தான்.

இங்கேதான் மலேரியாக் கணக்கு எங்களை ஏமாற்றுகிறது. வன்னியில் நாற்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் மலேரியாக் கதை ஒன்று இருக்கும். குளிர் நடுக்கம், காய்ச்சல், வியர்வை, பிறகு காய்ச்சல் விட்டால் எழும்பி வயலுக்குப் போகலாம். ‘காய்ச்சல் விட்டிட்டுது’ என்றால் எங்கள் காதுக்கு அது நல்ல செய்தி. டெங்குவில் அந்த நேரம்தான் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம். காய்ச்சல் விட்ட பிள்ளை சாப்பாடு கேட்டு, ஓடி விளையாடி, வழமைபோலச் சலம் போனால் பயமில்லை. காய்ச்சல் விட்டும் சோர்ந்து படுத்திருந்தால், வயிறு நோகிறது என்றால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், முரசிலோ மூக்கிலோ இரத்தம் வந்தால், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால், கை கால் சில்லென்று இருந்தால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. நீங்கள் பார்த்திருக்கவில்லை. அன்று பின்னேரமே கொண்டுபோனது உங்கள் மகளுக்குக் கிடைத்த பெரிய மருத்துவம்.

அங்கே ஏன் அப்படி அளந்தார்கள்? கசிகிற நேரம் நீர் குறைந்தால் இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். அதற்காக அள்ளி ஏற்றினால், அதுவும் கசிந்து நெஞ்சில் நிறையும். கசிவு நின்றதும் வெளியே போன நீர் எல்லாம் திரும்பவும் இரத்தத்துக்குள் வரும்போது பிள்ளைக்கு மூச்சு முட்டும். ஆகவே குடிப்பது, ஏற்றுவது, சலம் போவது மூன்றையும் மில்லிலீற்றர் கணக்கில் எழுதி, அந்தத் தாளைப் பார்த்துத்தான் மணிக்கு மணி அடுத்த முடிவு எடுப்பார்கள். விரலில் குத்தியது பிளேற்லெட்டுக்காக அல்ல. ஒரு சொட்டை நூல்போன்ற கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சுழற்றி, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நீர் வெளியே போனால் இரத்தம் தடிக்கும். அந்த எண் வழமையைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு நடக்கிறது என்று பொருள். ஒரு நாளில் பலதரம் பார்த்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

பிளேற்லெட் எண்ணைக் கேட்டுத் தூக்கம் தொலைக்கும் பெற்றோரை ஒவ்வொரு மாரிக்கும் விடுதி வாசலில் பார்க்கலாம். 22,000 என்றால் நெஞ்சு இடிக்கத்தான் செய்யும். ஆனால் கசிவுக் கட்டம் கடந்ததும் அது தானாகவே ஏறிவிடும், உங்கள் மகளுக்கும் அப்படித்தான் ஏறியிருக்கும். இரத்தப்போக்கு இல்லாத பிள்ளைக்குப் பிளேற்லெட் ஏற்றுவதால் நன்மை இல்லை, ஏற்றுகிற நீர் சுமையாகும். அவர்கள் ஏற்றாமல் விட்டது அக்கறைக் குறைவால் இல்லை. இதை இரண்டு நிமிடம் நின்று உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அந்தக் குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

மாமியின் பப்பாசிச் சாறு பற்றி: சில சிறிய ஆய்வுகளில் பிளேற்லெட் சற்று முன்கூட்டி ஏறியதாகச் சொல்கிறார்கள். கசிவைத் தடுத்ததாகவோ உயிர் காத்ததாகவோ ஒன்றும் நிறுவப்படவில்லை. அதற்கு மேல், கசப்பால் பிள்ளை சத்தி எடுத்தால் அது நோயால் வந்த சத்தியா சாற்றால் வந்ததா என்று வைத்தியருக்குத் தெரியாது. தாளில் எழுதாத ஒரு கோப்பைச் சாறு அந்த நீர்க்கணக்கையும் குழப்பும். தாதி ஏசிய விதம் எப்படியோ, காரணம் இதுதான். மாமியின் கைக்கு வேலை வேண்டுமென்றால் கஞ்சி காய்ச்சித் தரட்டும். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்), தோடம்பழச் சாறு எல்லாம் நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் குடங்குடமாகக் கொடுக்கக் கூடாது. சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். சத்தியில் இரத்தம் வந்தால் தெரியாமல் போய்விடும்.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம். உடம்புநோ தாங்க முடியவில்லை என்று பார்மசியில் புரூஃபன், டைக்ளோஃபெனக், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எதையும் வாங்கிப் போடக் கூடாது. அவை வயிற்றில் இரத்தம் கசியவைக்கும். அயல்வீட்டுப் பையனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நல்லபடி எழும்பியிருந்தால் நல்லது.

இனி வளவு. குளத்தையும் வாய்க்காலையும் கைகாட்டுவதில் உங்கள் பிழை இல்லை. இதுவும் மலேரியா கற்பித்த பாடம். மலேரியா நுளம்பு ஆற்றுப் பள்ளங்களிலும், வாய்க்கால் ஓரத்திலும், குளத்துக்குக் கீழே கசிந்து தேங்கும் தெளிந்த நீரிலும் முட்டையிட்டது. இரவில் வந்து கடித்துவிட்டு வீட்டுச் சுவரில் குந்தியது. ஆகவே சுவருக்கு மருந்தடித்தால் செத்தது. 1999இல் நாடு முழுவதும் 250,000க்கு மேற்பட்டோருக்கு மலேரியா. அதில் வன்னியின் பங்கு சிறிதல்ல. வீடு வீடாகப் பம்பைச் சுமந்து நடந்தவர்களின் உழைப்பால்தான் 2012 அக்டோபரில் கடைசி உள்நாட்டு நோயாளியோடு அது ஓய்ந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. (முழுதாக மறந்துவிடவும் முடியாது. அதே ஆண்டுக் கடைசியில் மன்னாரில் புதிதாக ஒரு மலேரியா நுளம்பு இனத்தைக் கண்டுபிடித்தார்கள், அது கிணறுகளில் பெருகக்கூடியது. அதனால்தான் மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் இன்னும் உங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.)

டெங்கு நுளம்பு வேறு சாதி. அதற்கு இரணைமடுக் குளம் தேவையில்லை. மீன் உள்ள, அலை அடிக்கிற, கரை சரிவான நீரை அது விரும்பாது. சுவர் உள்ள சின்னப் பாத்திரம்தான் வேண்டும்: கிணற்றடிச் சீமெந்துத் தொட்டி, பரல், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடக்கும் டயர், சிரட்டை, யோக்கட் கோப்பை, விறகை மூடிய தறப்பாளின் மடிப்பு, சருகு அடைத்த பீலி, பாவிக்காத ஆட்டுக்கல்லின் குழி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு. உப்புநீர் என்று முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். கரையில் ஏற்றிவிட்ட படகுக்குள் தேங்கும் சவர்நீரிலும் இது பெருகும் என்று இலங்கையிலேயே கண்டிருக்கிறார்கள். பறப்பது பெரும்பாலும் ஓரிரு நூறு மீற்றருக்குள். காலையிலும் பின்னேரம் பொழுது படுமுன்னும் கடிக்கும். கடித்துவிட்டுப் பெரும்பாலும் வெறுஞ்சுவரில் குந்தாது. கொடியில் தொங்கும் உடுப்பு, கட்டிலின் அடி, அலுமாரியின் பின்பக்கம் என்று இருட்டில் ஒதுங்கும். அங்கெல்லாம் மருந்தடிக்க முடியாது. ஆகவே அந்தப் பம்பு வராதது சோம்பலால் இல்லை.

புகை அடிப்பதையும் கேட்பீர்கள். அடிப்பார்கள், நோயாளிகள் ஒரே இடத்தில் குவிந்தால். அது அந்த நேரம் பறக்கிற நுளம்பைக் கொல்லும், அவ்வளவுதான். தொட்டிக்குள் இருக்கும் குடம்பிக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. சில நாளில் புதுக்கூட்டம் எழும்பிவிடும். புகை வண்டி வந்துபோனால் ஊருக்கு மனம் ஆறும், அதற்காகவே சில இடங்களில் அடிக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். ஆகவே கிழமையில் ஒரு நாளைக் குறித்துவையுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்று வையுங்கள். தொட்டியையும் பரலையும் வெறுமையாக்கினால் மட்டும் போதாது. இந்த நுளம்பு முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச்சுவரில் ஒட்டிவைக்கும். கரித்தூள் மாதிரி இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்கு நீர் ஏறியதும் பொரிக்கும். பங்குனி வெயிலில் காய்ந்த தொட்டியிலிருந்து ஐப்பசியில் நுளம்பு எழும்புவது அப்படித்தான். பொச்சுமட்டையால் சுவரை, விளிம்பு உட்பட, அழுத்தித் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். வெறுமையாக்க முடியாத கிணறு, பெரிய தொட்டி என்றால் கப்பி மீன் விடலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் மீனோ குடம்பிக்கொல்லி மருந்தோ எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, சேமித்தே ஆகவேண்டும் என்பதும் தெரியும். சேமியுங்கள், ஆனால் இறுக மூடுங்கள். பழைய வலைத்துணியை இழுத்துக் கட்டினாலும் சரி.

பி.எச்.ஐ. உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. டெங்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய். விடுதியிலிருந்து மகளின் விலாசம் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போயிருக்கும், அவர் பி.எச்.ஐ.யை அனுப்பியிருப்பார். பையனுக்கு வீட்டிலேயே குளிசை கொடுத்திருந்தால் அந்த விலாசம் எங்கேயும் போயிராது. ஒரு ஊரில் பத்துக் காய்ச்சல் இருக்க, பணிமனைக் கணக்கில் ஒன்று இருப்பது இப்படித்தான். நாடு முழுவதும் 186,000 பேர் பதிவான 2017இலும் கணக்கில் வராதவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

மகளுக்கு இனி வராதா என்று கேட்டீர்கள். வரலாம். டெங்குவில் நாலு வகை. வந்த வகைக்கு எதிராக வாழ்நாள் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றுக்கும் சில மாதத்துக்கு மேல் இல்லை. இரண்டாம் தரம் வேறு வகை வந்தால் கசிவு வரும் வாய்ப்பு முதல்தரத்தைவிடக் கூட. பயந்துகொண்டிருக்கச் சொல்லவில்லை, விடுவிப்பு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். இனி அவளுக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள். முதல் நாட்களில் என்.எஸ்.1 என்ற பரிசோதனையில் பிடிபடும். எதற்கும் மூன்றாம் நாள் முழுக் குருதிக் கணக்கு ஒன்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. வயலில் இறங்குகிறவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் டெங்கு என்று வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுக்காதீர்கள். எலிக்காய்ச்சலும் அதே மாரியில்தான் வரும், அதற்கு மருந்து உண்டு, நாள் பிந்தினால் சிறுநீரகம் போய்விடும். வயலில் இறங்குவதைச் சொல்லியே மருந்து எடுக்க வேண்டும். சில காலமாகத் திரும்பத் தலைகாட்டும் சிக்குன்குன்யாவோ, இதே நுளம்பு கொண்டுவருவது. மூட்டுநோ மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் டெங்குவைப்போல நீர் கசிந்து ஆளைச் சாய்ப்பதில்லை. எது எதுவென்று தெளியும்வரை அதற்கும் பனடோல்தான்.

பூட்டிய வளவு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, ஆள் இல்லாத வளவுக்கும் உரிமையாளரே பொறுப்பு. அவர் கனடாவில் இருந்தாலும் அதுதான். நீங்கள் மதில் ஏறிக் குதிக்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, கிராம அலுவலருக்கும் பிரதேச சபைக்கும் பிரதி கொடுங்கள். எந்த ஒழுங்கை, எத்தனையாவது வளவு, வெளியே நின்று பார்த்தால் என்ன தெரிகிறது (தாங்கியா, கூரையில்லாத கட்டடமா, மூடாத கிணறா) என்று குறிப்பிடுங்கள். உரிமையாளரின் உறவினர் யாராவது ஊரில் இருந்தால் அவர் பெயரையும் போடுங்கள், திறப்பு பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். ஒரு வீட்டின் முறைப்பாட்டைவிட ஒழுங்கையின் முறைப்பாட்டுக்கு ஆள் கெதியாக வருவார். ஆகவே அயலில் நாலைந்து கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பையனின் தகப்பனிடம் முதலில் போங்கள். அந்த வளவு அவர் வேலிக்கும் அவ்வளவு தூரம் இருக்காது. போகும்போது மேலே சொன்ன நாள்கணக்கையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.